கப்பல் மேல் விமானம் இறக்குவது: ஏற்காட்டுப் பெண் கேட்ட கேள்விக்கு ஒரு பதில்

ஏற்காட்டில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பெண் பிளஸ் டூ படிக்கிறாள். நான் கடற்படையில் இருந்து வந்தவன் என்று தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் மிளகு உலர்த்திக்கொண்டிருந்தபோது வந்து, கேள்வியை வரிசையாக அடுக்கினாள். "பெரியப்பா, விமானம் தாங்கிக் கப்பல்ல பறக்கிற பைலட்டுக்கு எது ரொம்ப பயமா இருக்கும்? சண்டையா, கிளம்பறதா, இறங்கறதா? அப்புறம், நான் அந்த மாதிரி ஆக முடியுமா? எனக்கு நம்ம மலை பஸ்லயே மூணாவது வளைவுல வாந்தி வந்துடும்." பதில் சொல்ல ஆரம்பித்ததும் மழை பிடித்துக்கொண்டது. மிளகை அள்ளி உள்ளே போடும் அவசரத்தில் பேச்சு நின்றுபோனது. விட்ட இடத்திலிருந்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் கண்ணு. நான் பைலட் இல்லை. ஐ.என்.எஸ். விக்ரமாதித்யா என்ற விமானம் தாங்கிக் கப்பலில் மிக்-29கே போர் விமானங்களுக்குப் பராமரிப்பு வேலை பார்த்த மாலுமி. விமானம் கிளம்புகிற வரை அது எங்கள் கையில், திரும்பி வந்து நின்றபின் மறுபடி எங்கள் கையில். நடுவில் நடப்பதை அவர்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். ஆனால் ஏணியில் ஏறும்போதும் இறங்கும்போதும் அவர்கள் முகத்தை நான் பார்த்த அளவு அவர்கள் வீட்டுக்காரர்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உன் முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால்: இறங்குவது. அதிலும் ராத்திரியில் இறங்குவது. இது என் சொந்தக் கருத்து இல்லை. வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படை விமானிகளின் உடம்பில் கருவி பொருத்தி இதயத் துடிப்பை அளந்து பார்த்தார்கள். எதிரியின் பீரங்கிகளுக்கு மேலே குண்டு போடும் நேரத்தைவிட, வேலை முடிந்து சொந்தக் கப்பலில் இறங்கும் நேரத்தில்தான் துடிப்பு அதிகமாக இருந்தது.

ஏன் என்று புரிய ஓமலூர் பக்கம் கமலாபுரத்தில் இருக்கும் நம் சேலம் விமான நிலையத்தை நினைத்துக்கொள். அதன் ஓடுதளம் சுமார் 1,800 மீட்டர். பெரிய ஜெட்டுகளுக்கு அது போதாது என்று நம் ஊரில் எத்தனை வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்! கொச்சியில் கட்டி 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்த புது விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்தின் மொத்த நீளமே 262 மீட்டர்தான். ஏழு விக்ராந்தை ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டி நிறுத்தினால்தான் கமலாபுரம் ஓடுதளத்தின் நீளம் வரும். அந்த 262 மீட்டரிலும் இறங்குவதற்கு என்று ஒதுக்கிய பட்டை ஒரு பகுதிதான். மீதியில் மற்ற விமானங்கள் நிற்கும், ஆட்கள் நிற்பார்கள். (சேலத்துக்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன்: விக்ராந்துக்குப் போன எஃகு செயில் நிறுவனத்துடையது, ஆனால் நம் இரும்பாலையில் உருண்டது இல்லை. பொகாரோ, பிலாய், ரூர்கேலா ஆலைகளிலிருந்து போனது. நம் ஆலையில் ஓடுவது ஸ்டெயின்லெஸ்.)

மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற விமானம் இந்த இடத்துக்குள் இரண்டரை நொடியில் நின்றாக வேண்டும். பிரேக் போட்டெல்லாம் நிற்காது. விமானத்தின் வாலுக்கு அடியில் ஒரு ஹூக் தொங்கும். தளத்தின் குறுக்கே கனமான எஃகு வயர்கள் கிடக்கும். நம் கப்பல்களில் மூன்று. ஹூக் ஏதாவது ஒன்றைப் பிடித்துவிட்டால், தளத்துக்கு அடியில் இருக்கும் இயந்திரம் வயரை இறுக்கி விட்டு விட்டு விமானத்தை நிறுத்திவிடும். மேலிருந்து பார்க்க ஏதோ ரப்பர் பேண்டில் மாட்டிய ஈ மாதிரி இருக்கும். உள்ளே இருப்பவருக்கு உடம்பு முழுக்க பெல்ட்டில் பாய்ந்து தொங்கும்.

இதில் ஒரு கூத்து உண்டு. சக்கரம் தளத்தைத் தொட்ட அதே நொடியில் பைலட் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? த்ராட்டிலை முழுசாக முன்னால் தள்ள வேண்டும். அதாவது எஞ்சினுக்கு முழு சக்தி. ஸ்பீட் பிரேக்கர் வந்ததும் ஆக்சிலரேட்டரை முறுக்கு என்று உனக்கு வண்டி கற்றுக்கொடுப்பது போல. காரணம், ஹூக் வயரைப் பிடித்ததா இல்லையா என்று யோசித்து முடிவெடுக்க நேரம் கிடையாது. பிடித்திருந்தால் வயர் எஞ்சினையும் மீறி நிறுத்திவிடும், அப்புறம் த்ராட்டிலைக் குறைத்துக்கொள்ளலாம். பிடிக்காமல் தாண்டிப் போனால் அந்த சக்திதான் மறுபடி மேலே தூக்கிக்கொண்டு போகும். இப்படித் தாண்டிப் போவதற்கு போல்டர் என்று பெயர். புதுப் பையன்களுக்கு போல்டர் சகஜம். அனுபவசாலிகளுக்கும் நடக்கும், ஆனால் அன்றைக்கு மெஸ்ஸில் அதிகம் பேச மாட்டார்கள்.

ஏர்போர்ட்டில் இறங்கும் பைலட் கடைசி நேரத்தில் மூக்கைக் கொஞ்சம் தூக்கி, பூப்போலத் தரையைத் தொடுவார். கப்பலில் அது கூடாது. ஒரே சரிவில் வந்து அப்படியே மோத வேண்டும். மென்மையாக இறக்கப் பார்த்தால் வயர்களைத் தாண்டிப் பறந்துவிடும். பயந்து சீக்கிரம் இறக்கினால் தளத்தின் பின்விளிம்பு இருக்கிறது, அதை நான் விவரிக்க விரும்பவில்லை.

சரி, சரியான சரிவில் வருகிறோம் என்று எப்படித் தெரியும்? தளத்தை உற்றுப் பார்த்தால் தெரியாது. பார்க்கவே கூடாது என்று சொல்லித்தான் பழக்குவார்கள். பட்டையின் இடது பக்கத்தில் ஒரு விளக்கு அமைப்பு இருக்கும். அமெரிக்கக் கப்பல்களில் குறுக்கே ஒரு வரிசை பச்சை விளக்கு, நடுவில் ஒரு மஞ்சள் பந்து. பந்து பச்சை வரிசைக்கு நேராக இருந்தால் சரிவு சரி. மேலே போனால் நீ உயரம், கீழே போனால் தாழ்வு. நம் கப்பல்களில் ரஷ்ய வகை, நிறங்கள் வேறு, சங்கதி அதேதான். இதற்கு மூலமான கண்ணாடி அமைப்பை 1950களின் தொடக்கத்தில் யோசித்துச் சொன்னவர் நிக்கோலஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. மேசை மேல் ஒரு கைக்கண்ணாடியை வைத்து, அதில் லிப்ஸ்டிக்கால் குறி போட்டு, அதைப் பார்த்தபடியே நடந்து வரும்படி தன் செக்ரட்டரியிடம் சொன்னாராம். அந்தப் பெண் குறியையே பார்த்துக்கொண்டு குனிந்து வந்து கடைசியில் முகவாயை மேசையில் முட்டிக்கொண்டாராம். கப்பல்காரர்கள் மாற்றி மாற்றிச் சொல்லும் கதை இது.

அந்தப் பட்டை நேராகவும் இருக்காது. கப்பலின் நீளத்துக்குச் சற்று இடப்பக்கம் சாய்ந்து இருக்கும். முதலில் நேராகத்தான் இருந்தது. வயரைத் தவறவிட்டவர் முன்னால் நிறுத்தி வைத்திருக்கும் விமானங்களில் போய் மோதினார். சாய்த்துவிட்டால் தவறவிட்டவருக்கு முன்னால் வெறும் கடல்தான், தூக்கிக்கொண்டு சுற்றி வரலாம். டென்னிஸ் கேம்பெல் என்ற இன்னொரு பிரிட்டிஷ்காரரின் யோசனை, அதுவும் அதே சமயத்தில்தான். எத்தனையோ பேர் உயிரைக் காப்பாற்றிய யோசனை, ஆனால் அதோடு ஒரு தலைவலியும் வந்தது. கப்பல் நேரே முன்னால் போகிறது, பட்டை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதனால் பின்னாலிருந்து வருபவர் கண்ணுக்குப் பட்டை கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். பழைய பஸ் ஸ்டாண்டில் நகர ஆரம்பித்த டவுன் பஸ்ஸில் ஓடி ஏறியிருப்பாய். படி இப்போது இருக்கும் இடத்துக்கு ஓடினால் ஏற முடியாது, இருக்கப் போகும் இடத்துக்கு ஓட வேண்டும். அந்த பஸ் மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டும் இருந்தால் எப்படியோ, அதுதான் மழைக்காலக் கடல்.

எல்லாவற்றையும் தனியாகச் சமாளிக்க விடுவதில்லை. தளத்தின் ஓரத்தில் எல்.எஸ்.ஓ., அதாவது லேண்டிங் சிக்னல் ஆபீசர், என்ற அதிகாரி நிற்பார். அவரும் பைலட்தான், அதே தளத்தில் இறங்கிப் பழகியவர். ரேடியோவில் ஒன்றிரண்டு சொல்லில் திருத்துவார். தேறாது என்று அவருக்குத் தோன்றினால் போ என்று விரட்டிவிடுவார். கேள்வி கேட்காமல் போக வேண்டும். அமெரிக்கக் கப்பல்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு இறக்கத்துக்கும் எல்.எஸ்.ஓ. மதிப்பெண் போட்டு, விமானிகள் கூடும் அறையில் எல்லோர் பெயரோடும் பலகையில் வண்ணத்தில் ஒட்டிவிடுவார்கள். இருபது வருஷம் பறந்தவருக்கும் இன்று காலை வந்தவருக்கும் அதே பலகை. உங்கள் பள்ளியில் ரேங்க் பட்டியல் ஒட்டினால் என்ன சண்டை வரும் என்று யோசித்துப் பார்.

இதற்கெல்லாம் முன்னால் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டால் சிரிப்பும் வரும், வயிறும் கலங்கும். 1911 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் யூஜின் ஈலி என்பவர்தான் முதலில் ஒரு போர்க்கப்பல் மேல் விமானத்தை இறக்கினார். கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. மேலே பலகையடித்து, இரண்டு முனையிலும் மணல் மூட்டை கட்டிய 22 கயிறுகளைக் குறுக்கே போட்டிருந்தார்கள். மனிதருக்கு நீச்சல் தெரியாது. சைக்கிள் ட்யூபை உடம்பில் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஓடுகிற கப்பலில் முதலில் இறங்கியவர் எட்வின் டன்னிங், 1917 ஆகஸ்ட் 2. கயிறும் கிடையாது, ஹூக்கும் கிடையாது. விமானம் தளத்துக்கு மேலே வந்ததும் ஆட்கள் ஓடிப்போய் அதில் கட்டியிருந்த வார்களைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். ஆத்தூர் பக்கம் கூலமேட்டில் காளையை அணைவதுபோல என்று வைத்துக்கொள். ஐந்தே நாளில் மறுபடி முயன்றபோது விமானம் தளத்தைத் தாண்டிக் கடலில் விழுந்தது. இறந்தபோது அவருக்கு வயது 25. இதற்கு நேர் எதிராக எரிக் பிரவுன் என்று ஒருவர். 2,407 முறை கப்பல்களில் இறங்கிய சாதனை அவருடையது. கப்பலில் முதன்முதலாக ஜெட்டை இறக்கியவரும் அவர்தான், 1945 டிசம்பரில். 97 வயது வரை இருந்தார்.

இப்போது ராத்திரி. லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தைப் பார்த்திருக்கிறாய். மூட்டம் இல்லாத இரவில் கீழே விளக்கு, மேலே நட்சத்திரம், நடுவில் கருப்பு. கொஞ்ச நேரம் கம்பியைப் பிடிக்காமல் நின்று பார்த்தால் எது மேல் எது கீழ் என்று ஒரு கிறக்கம் வரும். நிலா இல்லாத இரவில் நடுக்கடலில் அதுதான் நிலைமை, அதைவிட மோசம். தொடுவானம் இல்லை. மீன்பிடிப் படகு விளக்கை நட்சத்திரம் என்று நம்பி விமானத்தையே சாய்த்த கதைகள் உலகத்துக் கடற்படைகள் எல்லாவற்றிலும் உண்டு. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். நீ நேராகப் போகும்போது சாய்கிறாய் என்று சொல்லும். அதை நம்பாமல் கண்ணெதிரே இருக்கும் கருவியை நம்ப வேண்டும். சொல்ல எளிது. உடம்பு முழுக்க "விழப்போகிறாய்" என்று கத்தும்போது அசையாமல் கருவியைப் பார்ப்பதற்குத்தான் வருஷக்கணக்கான பயிற்சி.

ஒரு நாள் ராத்திரி எங்கள் விமானம் ஒன்று மூன்றாவது முறையில்தான் வயரைப் பிடித்தது. இரண்டு முறை தாண்டிப் போனபோது தளத்தில் யாரும் பேசவில்லை, எரிபொருள் கணக்கு எல்லோருக்கும் தெரியும். நின்றதும் ஓரமாகக் கொண்டுவந்து கட்டினோம். நான் ஏணியை மாட்டினேன். பைலட் சார் இரண்டு படி இறங்கி அப்படியே நின்றார். கோளாறு ஏதாவது சொல்லப் போகிறாரோ என்று அண்ணாந்து பார்த்தேன். டார்ச் வெளிச்சத்தில் அவர் முட்டி இரண்டும் தையல் மிஷின் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. "ஒரு நிமிஷம்" என்றார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்புறம் இறங்கி வந்து, இடது பக்க டயரைப் பார்க்கச் சொன்னார், புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார், போய்விட்டார். மறுநாள் ராத்திரி அதே மனிதர் அதே ஏணியில் ஏறினார். முதல் தடவையிலேயே பிடித்துவிட்டது.

கிளம்புவது இதைவிடச் சுலபம் என்றுதான் அவர்கள் சொல்வார்கள். நம் கப்பல்களின் முன்பக்கம் ஸ்கை ஜம்ப் என்ற ஏற்றம் இருக்கும், 14 டிகிரி. சக்கரத்துக்கு முன்னால் தடுப்பு எழுந்து நிற்கும், எஞ்சின் முழு சக்திக்கு வந்ததும் அது சட்டென்று கீழே போகும், விமானம் பாயும். முனையைத் தாண்டும்போது முழுசாகப் பறக்கப் போதுமான வேகம் இருக்காது. ஏற்றம் மேல்நோக்கி எறிந்துவிடுவதால் சில நொடி அவகாசம் கிடைக்கிறது, அதற்குள் வேகம் பிடித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் கப்பல்களில் ஏற்றம் கிடையாது, கேட்டபுல்ட் என்ற இயந்திரம் இரண்டு நொடியில் இழுத்து எறிந்துவிடும். அந்த இழுப்பில் மூக்கு மேலே தூக்குகிறது என்று மூளை ஏமாந்துபோகும், இருட்டில் மூக்கைக் கீழே தள்ளத் தோன்றும், கீழே கடல். அதனால் அவர்களுடைய எஃப்-18 போர் விமானத்தின் பைலட் அந்த நேரத்தில் விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கைத் தொடவே மாட்டார். வலது கையால் மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார், பஸ்ஸில் நின்றுகொண்டு போவது போல.

சண்டை பற்றிக் கேட்டாய். நம் பழைய விக்ராந்த் 1971 போரில் வங்காள விரிகுடாவில் இருந்தது. டிசம்பர் 4 அன்று அதன் சீ ஹாக் ஜெட்டுகள் இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் காக்ஸ் பஜாரைத் தாக்கின. அப்புறம் சிட்டகாங். கப்பலின் ஒரு கொதிகலனில் விரிசல், முழு வேகம் போக முடியாது. கப்பல் வேகமாகக் காற்றை எதிர்த்து ஓடினால்தான் விமானத்தை மேலே தூக்கும் விசை கிடைக்கும். காற்று இல்லாத நாளில் அலிஸே என்ற ப்ரொப்பெல்லர் விமானங்களைக் கிளப்புவதே பெரும்பாடாக இருந்தது. அந்தக் காலத்து ஆட்களிடம் கேட்டால் எதிரியைப் பற்றிக் கொஞ்சமும் காற்றைப் பற்றி நிறையவும் பேசுவார்கள். 1961 மே மாதம் அந்தக் கப்பலில் முதலில் இறங்கிய இந்திய விமானி ஆர்.எச். தஹிலியானி, பின்னால் கடற்படைத் தளபதியே ஆனார். கப்பலை உடைத்த இரும்பில் கொஞ்சம் பஜாஜ் வி பைக்கில் சேர்ந்தது. அஸ்தம்பட்டி சிக்னலில் இன்னும் ஒன்றிரண்டு நிற்பதைப் பார்க்கிறேன்.

எங்கள் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். பறப்பு தொடங்கும் முன் எல்லோரும் தோளோடு தோள் உரசி ஒரே வரிசையாக நின்று, தளத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை குனிந்து நடப்போம். கீழே ஆணி, கம்பித் துண்டு, கல், எது கிடந்தாலும் பொறுக்க வேண்டும். ஜெட் எஞ்சின் உறிஞ்சிவிட்டால் எஞ்சின் போச்சு. அதிகாரி, சமையல்காரர் என்று பேதம் கிடையாது. ஒருமுறை நகக்கண் அளவு வாஷர் ஒன்று என் கண்ணில் பட்டது. அது எந்த விமானத்திலிருந்து விழுந்தது என்று கண்டுபிடிக்கும் வரை அன்றைக்கு எதையும் பறக்கவிடவில்லை.

இனி உன் விஷயம். முடியும். 2025 ஜூலையில் விசாகப்பட்டினத்தில் ஆஸ்தா பூனியா என்ற சப் லெப்டினன்ட், கடற்படையின் போர் விமானப் பிரிவுக்குத் தேர்வான முதல் பெண் ஆனார். அதற்கு முன் 2019ல் ஷிவாங்கி என்பவர் டார்னியர் என்ற கண்காணிப்பு விமானத்தில் கடற்படையின் முதல் பெண் பைலட் ஆகியிருந்தார். நேரமும் நல்ல நேரம்தான். பிரான்ஸிடம் 26 ரஃபேல் கடற்படை விமானங்கள் வாங்க 2025 ஏப்ரலில் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. ஓட்ட ஆள் வேண்டும்.

எனக்குத் தெரிந்த வழி இரண்டைச் சொல்கிறேன். பிளஸ் டூ முடித்து கேரளாவில் எழிமலையில் உள்ள கடற்படைப் பயிற்சிக் கழகத்தில் பி.டெக். சேர்வது ஒன்று, பொறியியல் முடித்துவிட்டு குறுகிய காலப் பணியில் பைலட்டாக விண்ணப்பிப்பது இன்னொன்று. எதில் எப்போது பெண்களுக்கு இடம், என்ன வயது, என்ன மதிப்பெண் என்பதெல்லாம் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும், கடற்படையின் சொந்த அறிவிப்பை மட்டும் பார். டவுனில் "கடற்படையில் சேர்த்துவிடுகிறேன்" என்று காசு கேட்பவன் பக்கம் போகாதே. கணக்கு, பிசிக்ஸ் இரண்டையும் விட்டுவிடாதே, ஆங்கில மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள். நேர்முகத் தேர்வோடு பைலட் ஆவதற்கான திறன் சோதனை ஒன்று உண்டு. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுத விடுவார்கள், அதனால் தூங்காமல் பஸ் பிடித்துப் போய் உட்காராதே. எல்லாம் தாண்டினால் சின்ன விமானம், பிறகு ஹாக் பயிற்சி ஜெட், பிறகு கோவாவில் தரையிலேயே ஏற்றமும் வயரும் வைத்துக் கட்டிய தளத்தில் பழக்கம். கப்பல் அதற்கப்புறம்தான்.

வாந்தியைப் பற்றிக் கவலைப்படாதே. பயிற்சி விமானத்தில் முதல் சில நாள் பை நிரப்பாதவர்கள் குறைவு, பெரும்பாலானவர்களுக்குப் பழகிப்போகும். நெல்சன் என்ற பெரிய பிரிட்டிஷ் தளபதிக்குக் கடைசி வரை கடல் மயக்கம் இருந்தது. நாளைக்கு டியூஷனுக்கு இறங்கும்போது டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார். போனைப் பையில் போட்டுவிடு. கண்ணைச் சாலை வளையும் தூரத்தில் வை, ஒவ்வொரு வளைவின் நம்பர் பலகையையும் வாய்விட்டுப் படி. 20லிருந்து ஆரம்பித்து எந்த நம்பரில் குமட்டுகிறது என்று அடிவாரத்தில் இறங்கியதும் எனக்குப் போன் பண்ணு.